செவியைக் கெடுத்துவிட்டு நாவைத் திருத்துவதா?

“லகரம், ளகரம், ழகரம் என மூன்று எதற்கு? ஒன்று போதாதா? மூன்றையும் ஒன்றாகவே ஒலிக்கும் மக்கள் கோடிக்கணக்கில் இருக்க, ஏட்டில் மட்டும் மூன்றைச் சுமப்பானேன்?” என்று எழுத்துச் சிக்கனம் பேசும் அறிவாளர் சிலர் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. வீட்டுச் சிக்கனம் அறியாதார் மொழிக்கு மட்டும் சிக்கனம் வகுக்கும் விந்தை ஒருபுறம் இருக்க, இவர்தம் வழக்கு நிற்கும் கால்களைப் பார்க்க. தமிழ்ப் பிள்ளையின் நா இக்காலத்தில் ழகரத்திற்கு வளைவதில்லையாம். வளைந்தாலும் கேட்கும் செவிக்கு வேறுபாடு விளங்குவதில்லையாம். விளங்காவிடினும் இழப்பில்லையாம், இடம் நோக்கிப் பொருள் தானே தெரிந்துவிடுமாம்!

மூன்று கால்களுள் நடுக்காலே ஏனையிரண்டையும் தாங்குவது. வேறுபாட்டைக் கேட்கும் செவி உடையவனுக்கு நா வளையாமற் போவதில்லை. கேளாச் செவி உடையவனுக்கு எத்தனை முறை நாவை வளைக்கச் சொன்னாலும், எங்கு வளைந்தது, வளைந்ததால் என்ன விளைந்தது என்று தெரியப் போவதில்லை. ஆகவே வாய்க்கும் செவிக்கும் உள்ள உறவு யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அது தெளிந்தால், ழகரம் எங்கே சாகிறது, சாகடிப்பார் யார் என்பதும் தெளியும்.

குரல்நாண் முதல் இதழ் வரை, வளர்ந்த ஆடவனிடத்து ஏறத்தாழ 17 செ.மீ. நீளமுள்ள ஒரு குழல் உண்டு. ஒருமுனை மூடி மறுமுனை திறந்த அத்தகைய குழல், நா எவ்விடத்தும் நெருக்காது வாளா கிடக்கும்போது, நொடிக்கு 500, 1500, 2500 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளை வலுப்படுத்தித் தரும். இவற்றை ஒத்ததிர்வுகள் என்பர். நா உயர்ந்தும் தாழ்ந்தும், முன்னே சென்றும் பின்வாங்கியும் இவற்றை இடம்பெயர்த்துக் கொண்டிருக்கும் தொழிலே பேச்சின் பெரும்பகுதி. இனிச் செவித்துளையைப் பார்க்க. அதுவும் ஒருமுனை பறையால் மூடி மறுமுனை திறந்த குழலே. நீளம் மட்டும் ஏறத்தாழ 2.5 செ.மீ. அது வலுப்படுத்துவது நொடிக்கு 3000 அதிர்வை ஒட்டிய ஒலியை. மாந்தச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லதெனினும், அதன் கூர்மை உச்சம் பெறுவது 2000க்கும் 5000க்கும் இடையில்தான். வாய்க்குழல் தன் வேறுபாடுகளை எங்கே வரைகிறதோ, செவிக்குழல் ஏறத்தாழ அங்கேயே தன் விளக்கை ஏற்றி வைத்திருக்கிறது. தொலைபேசி அமைத்தார் நொடிக்கு 300 முதல் 3400 அதிர்வு வரை மட்டும் கம்பியில் செல்ல விட்டு, ஏனையவற்றைக் கழித்தனர். அப்படியும் பேச்சு விளங்கிற்று.

பறைக்கும் அப்பால் உள்ளது நத்தைச்சுருள். சுருளை நீட்டினால் அதனுள்ளிருக்கும் சவ்வு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அடியில் உயர்ந்த ஒலிகளும் நுனியில் தாழ்ந்த ஒலிகளும் இடம்பிடிக்க, ஒவ்வோர் ஒலியும் தனக்குரிய இடத்தில் அலையை உயர்த்துகிறது என்பதை இறந்தோர் செவிகளை ஆய்ந்து காட்டியவர் அங்கேரியில் பிறந்த கியார்கு வான் பேக்கேசி. அதற்காக அவருக்கு 1961 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இந்தச் சவ்வின் இடப்பங்கீட்டில் ஒரு நுட்பம் உண்டு. நொடிக்கு 200 முதல் 4000 அதிர்வு வரை உள்ள ஒலிகள், செவி கேட்கவல்ல முழுப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயின் சவ்வில் அவை பெற்றிருக்கும் இடமோ ஏறத்தாழப் பாதி! பேச்சு வாழும் பரப்பு அதுவே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டும் இவ்வாறு பொருந்தி நிற்பின், எது எதற்காகத் தன்னைத் திருத்திக் கொண்டது? இவ்வினாவிற்கு விடை தந்தது ஒரு சிற்றுயிரி. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளில் வாழும் சிஞ்சில்லா என்னும் கொறிணி அது. அதன் செவி மாந்தச் செவியைப் பெரிதும் ஒத்தது. பேச்சோ அதற்கு அறவே இல்லை. குரல்நாண் அதிர்வு உடனே தொடங்கும் ஒலிக்கும் சற்றுத் தாழ்த்துத் தொடங்கும் ஒலிக்கும் இடையே, ஆங்கிலம் பேசுவோர் எவ்விடத்தில் கோடு கிழிக்கின்றனரோ, ஏறத்தாழ அவ்விடத்திலேயே சிஞ்சில்லாவும் கோடு கிழிக்கிறது என்று 1975 இல் பத்திரிசியா கூல், சேம்சு மில்லர் என்னும் இருவரும் அமெரிக்காவில் கண்டு காட்டினர். பேசாத உயிரிக்கு இக்கோடு எங்கிருந்து வந்தது? செவியிலேயே அது இருந்தது. செவி பழையது, பேச்சு புதியது. முன்னரே செவியில் இருந்த மேடு பள்ளங்களைப் பார்த்து, அவற்றிற்கு ஏற்பத் தன் ஒலிகளை வாய் அமைத்துக் கொண்டது என்னும் முடிவே இதனால் வலுப்பெறுகிறது. மாறாக, கேட்பவன் தன் நாவின் அசைவறிவைக் கொண்டே பிறர் ஒலியை அறிகிறான் என்று ஆல்வின் இலிபர்மன் வழிவந்தார் பல்லாண்டு வழக்காடினர். அவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. இரு சாராரும் மறுக்காத ஒன்று, வாயும் செவியும் ஒன்றையொன்று விட்டுத் தனியே இயங்குவதில்லை என்பது.

இதனைத் தெருவில் நிற்பவனும் கண்டறியலாம். இரைச்சலுள்ள இடத்தில் ஒருவன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் இலோம்பார்டு 1911 இல் இதனை எடுத்துரைத்தார். ஒருவன் பேச்சையே ஏறத்தாழ நொடியின் ஐந்திலொரு பங்கு தாழ்த்து அவன் செவிக்கு ஊட்டினால், பேச வல்லவனும் தெற்றத் தொடங்குகிறான். பேச்சு வந்தபின் செவி இழந்தவரின் ஒலிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லச் சிதைகின்றன. 1998 இல் கௌடு, சோர்டன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தனர். பேசுவோர் ஒலித்த உயிரொலியைக் கருவியால் சற்றே மாற்றி, அந்நொடியே அவர் செவிக்கு ஊட்டினர். பேசுவோர் அதனை உணராமலே, மாற்றத்திற்கு எதிர்த்திசையில் தம் நாவைத் திருப்பிக் கொண்டனர். நாவிற்குத் தலைவன் செவி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனித் தமிழுக்கு வருவோம் என்பார்க்கு, தமிழர் இதனை முன்னரே எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுதல் தகும். மேலைநாட்டார் கண்டன எல்லாம் எம் முன்னோர் கண்டனவே என்று வெற்றுப்பறை கொட்டுவார் கூட்டத்தில் சேர்ந்து கொள்வதற்கன்று இது. தொல்காப்பியர்க்கு நத்தைச்சுருளும் தெரியாது, ஒத்ததிர்வும் தெரியாது. ஆனால் அவர் கேட்டார். கேட்டதை ஒழுங்குபடுத்தினார். பிறப்பியலில் நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று உறுப்புகளைப் பகுத்து ஒவ்வோர் எழுத்தின் பிறப்பிடத்தையும் சொல்லி முடித்தபின், இறுதியில் ஓர் எல்லை வகுக்கிறார். உள்ளே எழும் வளியை அளந்து காண்பது அந்தணர் மறையில் உள்ளது. அதனை ஈண்டுச் சொல்லாமல், எழுந்து புறத்தே வெளிப்பட ஒலிப்பதன் அளவையே சொன்னதாக உரைக்கிறார். அஃதாவது, வாயின் தொழிலை விரித்தவரே, அவ்விரிவுக்குச் செவியையே எல்லையாக நிறுத்துகிறார்.

அவர் மொழிமரபில் சொல்லும் ஒரு நெறியை எடுத்துக் கொள்க. ட, ண, ள, ழ ஆகிய எழுத்துகள் சொல்லின் முதலில் வாரா. ‘இஃதென்ன பழங்கட்டுப்பாடு?’ என்று எள்ளி நகைப்பார் பலர். ‘படம்’, ‘பதம்’ என்னும் இரு சொற்களையும் மெல்ல ஒலித்துப் பார்க்க. டகரத்திற்காக நாநுனி பின்னே வளைந்து மேலேறும்போதே, முன்னிற்கும் அகரம் நிறம் மாறிவிடுகிறது. அண்ணத்தைத் தொட்ட நா, அடைத்துக் கொண்டிருக்கும்போதே முன்னோக்கி நழுவி, விடுபடும்போது பல்லுக்கு அண்மையில் வந்து விடுகிறது. ஆகவே விடுபட்டபின் வரும் ஒலியில் டகரத்தின் அடையாளம் குறைவு. அடையாளமெல்லாம் முன்னுள்ள உயிரின் வாலில்தான். முன்னே உயிரில்லாத சொன்முதலில் அவ்வடையாளத்திற்கு இடமேது? செவி எங்கே வேறுபாட்டைத் தெளிவாகப் பெறுமோ அங்கே மட்டும் வளைநா ஒலிகளை வைத்த நெறி அது. ஆத்திரேலியப் பழங்குடி மக்களின் மொழிகள் பலவற்றிலும் வளைநா ஒலிக்கும் நுனிநா ஒலிக்கும் உள்ள வேறுபாடு சொன்முதலில் இல்லாதொழிகிறது. அவர்களுக்குத் தொல்காப்பியம் ஓதியவர் யார்? வாயும் செவியும் எங்கும் ஒன்றே. அதனால் நெறியும் ஒத்தது. (ரகர லகரங்கள் சொன்முதலில் வாராமைக்குக் கரணியம் வேறு, அதனை ஈண்டுக் குழப்ப வேண்டா.)

இன்னொன்றும் கருதத் தக்கது. ‘கல்’, ‘பக்கம்’, ‘பங்கு’, ‘அகம்’ என்னும் நான்கிலும் உள்ள ககரத்தின் ஒலி நான்கு இடத்தும் ஒன்றன்று. ஆயினும் தமிழ்க் குழந்தைக்கு அவை நான்கும் ஒரே எழுத்தாகவே கேட்கின்றன. எந்த இடத்தில் எவ்வொலி என்பதை யாரும் அதற்குக் கற்பிப்பதில்லை. வாய் தானே அப்படிச் செல்கிறது. செவி தானே அதனைத் தள்ளுபடி செய்து ஒன்றாக எண்ணிக் கொள்கிறது. எழுத்து என்பது செவி எண்ணும் அலகிற்கே வகுக்கப்பட்டது. ‘உங்கள் மொழியில் நான்கு ககரம் இல்லையே’ என்று ஏளனம் செய்வோர், ஒலியை எண்ணுகின்றனரே அன்றிச் செவி எண்ணுவதை எண்ணவில்லை.

ழகரத்திற்கு வருக. ‘ல, ள, ழ’ என்று மூன்றையும் ஒரே கூடையில் போடுவதே முதற்பிழை. தொல்காப்பியர் அவ்வாறு போடவில்லை. லகர ளகரங்களை நாவிளிம்பு தடித்துப் பிறப்பன என்று ஓரிடத்தில் வைத்தார்; ழகரத்தையோ ரகரத்தோடு சேர்த்து, நாநுனி மேல்நோக்கி அண்ணத்தை வருடப் பிறப்பது என்றார். 1999 இல் அமெரிக்காவில் சிறீகாந்து நாராயணன், தானி பைர்டு, அபிகேல் கௌன் ஆகிய மூவரும் காந்தப் படக்கருவி கொண்டு, தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஒலிக்கும் நாவைப் படம்பிடித்து ஆய்ந்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னர் மக்தொனோ, சான்சன் என்னும் இருவரும் இவ்வைந்தின் ஒலியலைகளை அளந்து, ழகரம் தனியொலியே என்று நிறுவினர். லகர ளகரங்களில் வளி நாவின் பக்கங்களால் வழிகிறது. ழகரத்தில் நடுவே செல்கிறது. ழகரத்தை ஒலிக்கும்போது மூன்றாம் ஒத்ததிர்வு கீழிறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. ளகரத்தில் அந்த இறக்கம் இல்லை. அவ்விறக்கம் நிகழும் பரப்போ செவி நன்கு கேட்கும் பரப்பு. தொலைபேசிக் கம்பியிலும் தப்பிச் செல்லும் பரப்பு. ஆகவே, ‘செவிக்கு வேறுபாடு தெரியாது’ என்பது பொய். பழகாத செவிக்குத் தெரியாது என்று வேண்டுமானால் திருத்திச் சொல்லிக் கொள்ளட்டும்.

பழகுதல் எப்போது நிகழ்கிறது? ஈண்டுதான் நெஞ்சைச் சுடும் உண்மை இருக்கிறது. ஒரு திங்கள் நிரம்பிய மகவும் ஒலி வேறுபாடுகளைப் பகுத்துக் கேட்கிறது என்று 1971 இல் பீட்டர் ஐமாசும் அவர்தம் குழுவினரும் காட்டினர். கனடாவின் வாங்கூவரில் சேனட் வெர்க்கர், இரிச்சர்டு தீசு என்னும் இருவர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மேலும் ஒருபடி சென்றது. ஆங்கிலமே பேசும் வீட்டுக் குழந்தைகட்கு இந்தி மொழியின் வளைநா டகரத்தையும் பல் தகரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தனர். தமிழிலும் உள்ள வேறுபாடுதான் அது, ஆங்கிலத்தில் இல்லாதது. ஆறு முதல் எட்டுத் திங்கள் வரையுள்ள குழந்தைகள் பெரும்பாலனவும் வேறுபாட்டை உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு திங்களில் மிகச் சிலவே உணர்ந்தன. வீட்டில் ஒலிக்காத வேறுபாட்டைச் செவி ஓராண்டு நிரம்புமுன்னரே கைவிட்டு விடுகிறது! முதற்சொல்லைக் குழந்தை பேசத் தொடங்கும் அந்த நாளிலேயே, எந்த எந்த ஒலிகளை அது எளிதிற் கேட்கும், எவற்றைக் கேளாது போகும் என்பது பெரும்பாலும் முடிந்துபோன செய்தியாகி விடுகிறது.

சென்னைத் தெருவில் பழம் ‘பயம்’ ஆகிறது. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அது ‘பளம்’ ஆகிறது. அவ்வீட்டில் பிறக்கும் குழந்தையின் செவி ழகரத்தை எங்கே கேட்கும்? அத்தாயைப் பழிப்பது கயமை. நாள் முழுதும் உழைத்து, தான் கேட்டதைத் தன் மகவுக்கு ஊட்டுபவள் அவள். தான் கேளாததை அவள் எங்ஙனம் ஊட்டுவாள்? வட்டார வழக்கிற்கு அதற்குரிய இனிமையும் முறையும் உண்டு. அதைக் குறைகூறித் தம் படிப்பைக் காட்டிக் கொள்ளும் நகரத்துப் பண்டிதர்கள் முதலில் தம் பிள்ளைகளைப் பேசச் சொல்லிக் கேட்கட்டும். பழி எங்கே விழ வேண்டுமெனில், வீட்டில் கேளாததைக் கேட்பிப்பதற்கென்றே சம்பளம் பெறும் இடங்களில் விழ வேண்டும்: பள்ளியிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரையிலும்.

பள்ளியில் நடப்பது யாது? ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’, ‘பெரிய ற’, ‘சின்ன ர’, ‘குண்டு ள’! எழுத்தைச் சுழியால் எண்ணியும் உருவால் அளந்தும் சொல்லிக் கொடுக்கும் இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? சொல்லிக் கொடுப்பவர் வாய்க்கு இரண்டும் ஒன்று. கேட்கும் பிள்ளையின் செவிக்கும் இரண்டும் ஒன்று. எனவே கண்ணைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆசிரியர் ‘மூன்று சுழி ண’ என்று சொல்லும் நொடியிலேயே, ‘எனக்கு இதன் ஒலி தெரியாது’ என்று வகுப்பின்முன் ஒப்புக்கொண்டு விடுகிறார். வாய்க்கும் செவிக்கும் உள்ள தொன்மை உறவை அறுத்துவிட்டுக் கண்ணுக்கும் கைக்கும் முடிச்சுப் போடும் வேலை அது. அப்பிள்ளை ஏட்டில் பிழையின்றி எழுதக் கூடும். மதிப்பெண்ணும் பெறக் கூடும். ஆனால் அவன் எழுதுவது தமிழின் ஒலியை அன்று. மனப்பாடம் செய்த படங்களை.

முன்னோர் இட்ட பெயர்களைப் பார்க்க. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒலிப்பிடம் பொதிந்திருக்கிறது. டகரத்தை ஒலிக்க நா எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி மூக்கால் வளியை விட்டால் ணகரம். றகரத்தின் இடத்தில் நிறுத்தினால் னகரம். தகரத்தின் இடத்தில் நிறுத்தினால் நகரம். ‘வண்டு’, ‘கன்று’, ‘பந்து’ என்று மூன்று சொற்களைச் சொல்லச் செய்தால், பிள்ளையின் நா தானே மூன்று இடத்திலும் சென்று நிற்கும். அது நிற்கும்போதே செவி தன் பங்கைப் பெற்றுக் கொள்ளும். பெயரைச் சொன்னாலே பாடம் முடிந்தது. இத்தகைய பெயர்களைப் ‘பழமை’ என்று குப்பையில் எறிந்துவிட்டு, சுழி எண்ணும் முறையைப் ‘புதுமை’ என்று கொண்டாடுவோரை என்னென்பது?

‘இடம் நோக்கிப் பொருள் விளங்கும்’ என்பார் கூற்றையும் விட்டுவைக்க வேண்டா. ‘அரசு உழவர்க்கு அளிக்கிறது’ என்பதை ‘அழிக்கிறது’ என்று செய்தி படிப்பவர் ஒலித்தால், இடம் எப்பொருளுக்கு இடம் தரும்? இரண்டும் நடக்கக் கூடியவை ஆயிற்றே! உழவு செய்பவன் உளவு செய்பவன் ஆகிறான். வழி, வளி, வலி மூன்றும் ஒன்றானால் மருத்துவரிடம் சென்றவன் எதைச் சொல்லி அழுவான்? கழை, களை, கலை ஒன்றானால், வயலில் பறிப்பதும் மேடையில் ஆடுவதும் ஒன்றாகி விடும். பனிக்கும் பணிக்கும், மனத்திற்கும் மணத்திற்கும், அரத்திற்கும் அறத்திற்கும் இதே நிலைதான். ஒரு சொற்றொடரில் இடம் நோக்கி உணரலாம், இரண்டில் உணரலாம். ஆனால் வேறுபாடுகள் ஒவ்வொன்றாக அழிய அழிய, ‘இடம்’ என்று நம்பப்படும் சுற்றுச் சொற்களும் உடன் அழிகின்றன.

அழிந்தபின் என்ன நிகழும் என்பதற்கு அண்டை வீடுகளே சான்று. தமிழில் ஏழு, கோழி. மலையாளத்திலும் ஏழு, கோழி. கன்னடத்தில் ‘ஏளு’, ‘கோளி’. தெலுங்கில் ‘ஏடு’, ‘கோடி’. பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் ழகரம் இருந்தது. அதற்கென எழுத்தும் கல்வெட்டுகளில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கன்னட இலக்கணம் வகுத்த கேசிராசர், ழகரம் வரும் சொற்கள் இவை இவை என்று பட்டியலிட வேண்டி வந்தது. ஏன் பட்டியல்? கேட்டுத் தெரிந்து கொள்ளும் செவி அப்போதே அருகிவிட்டது. எனவே பார்த்துத் தெரிந்து கொள்ள ஏடு வேண்டியதாயிற்று. முதலில் செவியிலிருந்து போயிற்று, பின் வாயிலிருந்து, ஏட்டில் சில காலம் ஒட்டிக் கொண்டிருந்து, கடைசியில் எழுத்தும் போயிற்று. ‘சிறப்பு ழகரம் வரும் சொற்கள்’ என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இப்போது பட்டியலை மனப்பாடம் செய்வதைக் காணும்போது, தமிழ் அப்படிகளில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கணக்கிட்டுக் கொள்க.

அடைத்த செவி மீண்டும் திறக்குமோ? திறக்கும். தானாகத் திறவாது என்பதுதான் வேறுபாடு. சப்பானியர் ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ இரண்டையும் பிரித்துக் கேட்க மாட்டாதவர் என்பது உலகறிந்த செய்தி. அவருள் வளர்ந்தவர்களுக்கே பயிற்சி தந்து, பிரித்துக் கேட்க வைக்கலாம் என்பதை 1991 இல் இலோகன், இலைவ்லி, பிசோனி என்னும் மூவர் அமெரிக்காவில் காட்டினர். அவர்தம் முறை மிக எளியது. ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் இரட்டைச் சொற்கள். அவற்றைச் சொல்லும் குரல்களோ பல. கேட்பவர் விடை சொன்னதும், சரியா பிழையா என்று அந்நொடியே அறிவித்தல். இவ்வளவே. 1997 இல் பிராடுலோவும் பிசோனியும் சப்பானிய ஆய்வாளருடன் சேர்ந்து இதனை நீட்டி, ஒரு வியப்பைக் கண்டனர். கேட்பதற்கு மட்டுமே பயிற்சி பெற்றவர்களின் ஒலிப்பும் திருந்தியிருந்தது. நாவை வளை, மடக்கு என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. செவி திருந்திற்று, நா பின்தொடர்ந்தது.

‘வாழைப்பழம் வழுக்கி விழுந்த’ கதையை நூறு முறை ஓதச் செய்து, ஓதும் பிள்ளையை வகுப்பே சிரிக்க வைக்கும் ஆசிரியர்கள் இதனை ஊன்றிப் படிக்க வேண்டும். அப்பிள்ளை நூறு முறையும் தன் செவி கேட்டதையே சொல்லிக் கொண்டிருக்கிறான். நூறு முறை பிழையாகச் சொன்னது பிழையை இறுக்கியதே அன்றித் தளர்த்தவில்லை. சிரிப்பில் எழுந்த நாணமோ, அவனை அவ்வெழுத்துள்ள சொல்லையே தவிர்க்கக் கற்பித்து விட்டது.

முதல் வகுப்பிலேயே தொடங்கலாம். செலவு ஒரு காசும் இல்லை. ஆசிரியர் ஒரு தாளால் தம் வாயை மறைத்துக் கொள்ள வேண்டும். ஏனெனில் கண் செவியை ஏமாற்ற வல்லது. ஒருவர் ‘க’ என்று வாயசைக்கும் படத்தையும் ‘ப’ என்னும் ஒலியையும் சேர்த்துக் காட்டினால், பார்ப்பவர் ‘த’ என்று கேட்கும் விந்தையை 1976 இல் மெகர்க்கும் மக்தொனால்டும் காட்டினர். அவர் காட்டியது குரல்நாண் அதிரும் க, ப, தக்களில். வாயை மறைத்தபின் ‘வழி’, ‘வளி’, ‘வலி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். பிள்ளைகள் ஒரு விரல், இரு விரல், மூவிரல் காட்டட்டும். பிழையாகக் காட்டினால் அடியும் வேண்டா, ஏளனமும் வேண்டா. மீண்டும் அச்சொல்லையே சொல்லிக் காட்டினால் போதும். ஒரே ஆசிரியர் குரலோடு நின்றுவிடாமல், ழகரம் வழுவாது ஒலிக்கும் முதியவர் ஒருவரையும், மூத்த மாணவி ஒருத்தியையும் அழைத்துச் சொல்லச் செய்தல் வேண்டும். செவி ஒரு குரலைப் பழகினால் அக்குரலையே பழகும். பல குரல்களைக் கேட்டால்தான் அவற்றினூடே உள்ள ஒலியைப் பழகும். சில வாரங்கள் சென்றபின் நாவைப் பற்றிப் பேசலாம். அப்போது பேசுவதற்கு மிகுதியாக ஒன்றும் இராது.

ஆனால் மறைத்த தாளுக்குப் பின்னே இருக்கும் வாயில் ழகரம் இருக்க வேண்டுமே! தமிழாசிரியர் தகுதி காண நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் விடைத்தாளின் வட்டத்தைக் கருக்குகின்றனர். தொல்காப்பிய நூற்பா எத்தனை, நன்னூலார் யார் என்பவற்றிற்கெல்லாம் வட்டம் உண்டு. வாய் திறப்பதற்கு வட்டம் இல்லை. இசையாசிரியரைப் பாடச் சொல்லாமல் எடுப்பாரும் இல்லை. ஓட்டுநரை வண்டியில் ஏற்றிப் பாராமல் உரிமம் தருவாரும் இல்லை. தமிழாசிரியரை மட்டும் ஒரு சொல்லும் பேசக் கேளாமலே வகுப்பிற்குள் விடுகின்றனர். ஒருவர்க்கு ஐந்து மணித்துளி போதும். இருபது இரட்டைச் சொற்களைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பின், மறைவிலிருந்து இருபது சொற்களை ஒலிக்கச் செய்து, அவர் எதைக் கேட்டார் என்று எழுதச் சொல்ல வேண்டும். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் செய்தி படிப்போரைத் தெரிவதற்கும் இதே ஐந்து மணித்துளிதான். தேர்வதற்கு அமர்ந்திருப்பவரையும் அதே இருக்கையில் ஒருமுறை அமர்த்திக் கேட்டுவிட்டு, அதன்பின் தொடங்கலாம்.